கடிக்காத பொறி

அத்தியாயம் 6

லைல் ஓஸ்பியை இன்னும் புதைக்கவில்லை. எங்கள் ஹெம்ரேயில் ஜனவரியில் செத்தவர்கள் ஏப்ரல் வரை சவக்கொட்டகையில் காத்திருக்க வேண்டும். அதுவரை வடக்கு டகோட்டா மண் மண்வெட்டிக்கு இடம் கொடுக்காது. ஆனால் ஊர்க்காரர்கள் அவனைக் காபிக் கடையிலேயே நன்றாகப் புதைத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கூஸ்பெரி ஓடைக்கரையில் அவன் விறைத்துக் கிடந்தான். கொயோட்டி நரிக்கு வைக்கும் இரும்புப் பொறி ஒன்று அவனது வலது கையைக் கவ்வியிருந்தது. பொறியில் தொங்கிய செப்புத் தகட்டில் மெரிட் சுண்ட்வாலின் பெயர் இருந்தது. மெரிட் எங்கள் மாவட்டப் பொறிக்காரர் சங்கத்தின் தலைவர். மூன்று சீசனாக நரிப்பிடிப்பில் அவர்தான் முதல் பரிசு. கொஞ்ச நாளாகவே தன் பொறிகள் திருடு போவதாகவும், பெரிய மனசு பண்ணிச் சும்மா இருந்ததாகவும் அவர் சொன்னார். அவர் சும்மா இருந்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை என்பதால் ஊர் அதையும் நம்பியது.

ஷெரிஃப் ஹெய்ட் வழக்கை ஐந்தே நிமிடத்தில் முடித்தார். திருட வந்தான், கை மாட்டியது, குளிரில் செத்தான். டாக்டரும் தாளில் குளிர் என்றே எழுதிக் கொடுத்தார். தலையில் ஒரு வீக்கம் இருந்தது. துள்ளி விழுந்ததில் பட்டிருக்கும் என்றார்கள். காபிக் கடையில் அன்று முழுக்க அதே பேச்சு. கைவரிசை காட்டப் போனவனுக்குக் கையே போச்சு என்று ஒருவன் சொல்ல, மேஜைகள் குலுங்கின. சொன்னவன் நான்தான். என் பெயர் டெல்மர் ஃபோக். காஸ் சிலிண்டர் லாரி ஓட்டியது அலுத்துப்போய் மூன்று வருடமாகச் சிக்னே ரூஸ்டாடிடம் உதவியாளனாக இருக்கிறேன்.

சிக்னேயைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும். இருபத்தாறு வருடம் வனவிலங்குக் காவல் அதிகாரியாக இருந்துவிட்டு, மனிதர்களை விட நரிகளுக்கு வெட்கம் அதிகம் என்ற முடிவோடு ஓய்வுபெற்று, தீவனக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர்.

வியாழக்கிழமை காலை லைலின் மனைவி ஐவா அந்த மாடிக்கு ஏறி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, உட்காரச் சொன்னபோதும் உட்காராமல் சிக்னேயின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவரைத் திருடன்னு முதல்ல எழுதினது நீங்கதான்," என்றாள். "இப்ப ஊரே எழுதுது. நீங்களே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. திருடன்னா திருடன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அது உண்மைதான். சீசன் தொடங்க எட்டு நாள் இருக்கும்போதே லைல் இரண்டு காட்டுப்பூனைகளைப் பிடித்துவிட்டான். சிக்னே போய்க் கதவைத் தட்டியதும், தோல்களை அவனே எடுத்து வந்து மேஜையில் வைத்து, நான்தான் பண்ணேன் என்றானாம். ஐந்து வருடம் பொறி வைக்கக் கூடாது என்று உரிமத்தைப் பறித்தார்கள். அந்தத் தடை இந்த மாதக் கடைசியில்தான் முடிய இருந்தது.

இத்தனை வருடம் அவன் என்ன வேலை செய்தான் என்று சிக்னே கேட்டார். மெரிட்டின் கொட்டகையில் தோல் உரிக்கிற வேலை, விடியுமுன்னே போய் இருட்டின பிறகு வருவார் என்றாள் ஐவா. திங்கள்கிழமையும் அப்படித்தான் போனான். திரும்பவில்லை.

அவள் இறங்கிப் போன பிறகு சிக்னே ஜன்னல் பக்கம் திரும்பினார். கேட்டதும் ஒத்துக்கொண்டவனை இருபத்தாறு வருடத்தில் தான் பார்த்தது மூன்று பேரைத்தான், அதில் ஒருவன் லைல் என்றார். மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டேன். ஒருவர் பாதிரியார், இன்னொருவன் குடிகாரன் என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் ஷெரிஃப் அலுவலகம். ஹெய்ட் நல்ல மனிதர்தான். ஆனால் யோசிப்பது தன் சம்பளத்தில் சேராத வேலை என்று நினைப்பவர். பொறியை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, அதன் மேல் தன் தொப்பியை வைத்திருந்தார். சிக்னே தொப்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பொறியை வெளியே எடுத்தார். இரண்டு தாடை, நடுவில் நரி மிதிக்கும் தட்டு, இரண்டு பக்கமும் தாடையைத் திறக்க அழுத்தும் இரும்பு நெம்புகள், கீழே சங்கிலி. தரையில் வைத்து, இரண்டு நெம்பையும் மிதித்துத் தாடைகளை விரித்துத் தட்டைப் பூட்டினார்.

"டெல்மர், கையுறை போட்டுக்க. வலது கையைக் கொடு."

"மேடம், இந்தக் கையாலதான் நான் சாப்பிடறேன்."

"ரெண்டு நாள் பட்டினி கிடந்தா உனக்கு நல்லதுதான்."

கொடுத்தேன். டப் என்று கவ்வியது. எலும்பு உடையவில்லை, கார்க் கதவில் விரல் நசுங்கியது போல இருந்தது. நானே கழற்றிக்கொள்ள வேண்டும், யாரும் உதவக் கூடாது என்றார் சிக்னே. குத்துக்காலிட்டு, பொறியைத் தரையில் வைத்து, ஒரு நெம்பில் ஒரு பூட்ஸ், மறு நெம்பில் மறு பூட்ஸ் என்று ஏறி நின்றேன். தாடை விரிந்தது, கை வந்துவிட்டது. ஷெரிஃப் அதற்குள் காபியில் சர்க்கரையைக்கூடக் கலக்கி முடிக்கவில்லை.

குளிரில் பதறியிருப்பான் என்றார் ஹெய்ட்.

"காஸ் லாரி ஓட்டினவனுக்கே இது முடியுது," என்றார் சிக்னே. "சின்ன வயசுலேர்ந்து பொறி வச்சவன் செத்துப்போற வரைக்கும் கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்னு எழுதியிருக்கீங்க. அதை எழுதின பேனாவுக்காவது வெக்கம் இருந்திருக்கணும்."

ஷெரிஃப் பேனாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஓடைக்கரைக்குப் போகும்போது வெயிலில் கண் கூசியது. ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. அந்தக் குளிரில் மூக்கு நம்முடையது என்பதே மறந்துபோகும். ஷெரிஃப் ஆட்கள் ஒரு வில்லோ புதரில் ஆரஞ்சு நாடாவைக் கட்டியிருந்தார்கள். அதோடு அவர்கள் விசாரணை முடிந்திருந்தது. நாடாவின் கீழே குழி அப்படியே இருந்தது.

சிக்னே முட்டி போட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அது குழியாகத்தான் தெரிந்தது. அதில் எத்தனை வெட்டு தெரிகிறது என்று கேட்டார். எண்ணினேன். கைக்கோடாலியால் ஒன்பது இடத்தில் கொத்தியிருந்தார்கள். வெட்டின முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. பக்கத்தில் முஷ்டி அளவு மண்கட்டிகள் கல்லாகக் குவிந்து கிடந்தன.

"ஞாயித்துக்கிழமை பனி உருகி இந்தக் கரை சேறா இருந்துச்சு," என்றார் சிக்னே. "திங்கக்கிழமை மத்தியானத்துக்கு மேலதான் இப்படி இறுகிச்சு. அதுக்கு முன்னாடி தோண்டியிருந்தா விளிம்பு இழுபட்டிருக்கும். இது கல்லான பிறகு கொத்தினது. இந்தக் கட்டிகளைப் போட்டு மூடினா தட்டு கீழே இறங்காது. நரி மேலேயே ஏறி நின்னு டான்ஸ் ஆடலாம்."

"அப்ப லைல் கையை எது கடிச்சது?"

"கடிக்கலை. யாரோ மாட்டிவிட்டிருக்காங்க. இந்தக் குழிக்குள்ள பொறி ஒருநாளும் இருந்ததே இல்லை."

சொல்லிவிட்டு எழுந்து கரையோரமாக நடந்தார். நரி நடந்த தடம் பனியில் ஒற்றை நூலாகப் போனது. பதின்மூன்றாவது அடியில் நின்று, ஒரு காய்ந்த குச்சியை எடுத்து, எனக்கு வெறும் புல்தரையாகத் தெரிந்த இடத்தில் மெதுவாகத் தொட்டார். தரை வெடித்தது. குச்சி இரண்டாக முறிந்தது. எம்பி வந்த பொறியின் தகட்டிலும் மெரிட்டின் பெயர்தான்.

அந்தப் பொறி இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். அத்தனை குளிரிலும் அது டீத்தூள் மாதிரி விரல் இடுக்கில் உதிர்ந்தது. மெழுகை உருக்கிக் காய்ந்த மண்ணில் கலந்தால் தண்ணீர் ஏறாது, உறையாது. பெரிய பொறிக்காரர்கள் கோடையிலேயே வாளி வாளியாகச் செய்து வைப்பார்கள். பொறி ஆடாதபடி அதன் கீழே மண் மிதித்து இறுக்கப்பட்டிருந்தது. காற்று வரும் பக்கமாக, நரியின் மூக்குக்கு நேராக, அதை இழுக்கும் வாடைப்பொருள் போட்ட வாசனைக் குழி. சிக்னே அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் மெச்சிப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்தப் பொறியை வைத்தவன் வேலை தெரிந்தவன், அந்தக் குழியைக் கொத்தினவன் தெரியாதவன் என்றார்.

அப்படியானால் மெரிட் தப்பித்தார் என்றேன் நான். மூன்று வருட சாம்பியன் அந்த மாதிரிக் கேவலமான குழியைத் தோண்டுவாரா? சிக்னே வண்டியில் ஏறி, ஐவா வீட்டுக்கு ஓட்டச் சொன்னார்.

ஐவா சமையலறையில் எங்களுக்குக் காபி ஊற்றினாள். சிக்னே கேட்டது ஒன்றே ஒன்றுதான்: லைல் வேலைக்குப் போட்டுப்போகும் உடை. அவன் திங்கள்கிழமை போட்டிருந்தது ஷெரிஃபிடம் இருந்தது. மாற்று ஜோடி ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கியது. தடித்த பழுப்பு முழு அங்கி. துவைத்துத் துவைத்து இடுப்பு வெளுத்திருந்தது. முட்டி இரண்டும் மட்டும் கறுத்து, பளபளத்து, விறைப்பாக நின்றன.

எத்தனை தரம் துவைத்தாலும் அது போவதில்லை என்றாள் ஐவா. சோப்புத் தண்ணீர் அதன் மேல் உருண்டு ஓடிவிடுமாம்.

சிக்னே நகத்தால் முட்டியைச் சுரண்டி என் மூக்கருகே நீட்டினார். மெழுகு. பிறகு ஐவாவைப் பார்த்து, தோல் உரிக்கிறவன் நின்றுகொண்டுதானே உரிப்பான் என்று கேட்டார்.

ஐவா கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு அதன் பிடியை விடாமலே நின்றாள். கடைசியில் அவள் சொன்னது இது: மூன்று வருடமாகச் சங்கத்தின் பரிசளிப்பு அன்றைக்கெல்லாம் லைல் வீட்டிலேயே இருப்பான். ரேடியோவில் மெரிட்டின் பெயரைச் சொல்லும்போது சிரிப்பான். போன வருடம் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் என் பேரைச் சொல்வார்கள் பார் என்றான். அவள் அதைக் குடிப்பேச்சு என்று விட்டுவிட்டாள்.

வண்டியில் திரும்பும்போது எனக்கே விளங்கியது. உரிமம் இல்லாத லைல் பொறி வைத்தான். உரிமம் இருந்த மெரிட் தகட்டில் பெயரையும், பரிசில் கையையும் வைத்தார். இந்த மாதக் கடைசியில் லைலுக்கு உரிமம் திரும்பக் கிடைத்திருந்தால் மெரிட்டின் கணக்கில் ஒரு நரிகூட விழுந்திருக்காது. பொறி வைப்பது எப்படி என்று மெரிட் இணையத்தில் போடும் பாட வீடியோக்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. எதிலுமே முகமும் கையும் ஒன்றாக வந்ததில்லை. பேசும்போது முகம், பொறி வைக்கும்போது கையுறை போட்ட கை. தன் திருட்டை ஒரு மனிதன் மூன்று வருடமாக இவ்வளவு அழகாகப் படம் பிடித்து ஊருக்கே போட்டுக் காட்டியிருக்கிறான், நாங்களும் கைதட்டியிருக்கிறோம்.

இதெல்லாம் வெறும் மெழுகு என்றார் சிக்னே. மெழுகை வைத்து ஒருவனைச் சிறையில் போட முடியாது. ஆனால் சனிக்கிழமை மெரிட்டின் குளிர்காலப் பாட வகுப்பு இருக்கிறது, போகலாம் என்றார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சந்தைத் திடல் மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். சுவரோரம் சங்கத்தின் கரும்பலகை. அதில் வாரா வாரம் யார் எத்தனை நரி, எத்தனை ராக்கூன், எத்தனை பீவர் என்று எழுதியிருக்கும். மெரிட்டின் வரிசையில் ஒன்பது, பதினொன்று, எட்டு, பத்து என்று வந்து, இந்த வாரம் பூஜ்ஜியம். லைல் போனதிலிருந்து நரிகளுக்குச் சாவே இல்லை போலிருக்கிறது என்றேன் சிக்னேயின் காதில். அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. அவரிடம் அது பெரிய சிரிப்பு.

மெரிட் மேடையில் இருந்தார். ஆறடி உயரம், வெள்ளை மீசை, நரித்தோல் தொப்பி. நரி எப்படி யோசிக்கும் என்று அரை மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் நோட்டில் எழுதினார்கள். ஷெரிஃப் ஹெய்ட் பின் வரிசையில் கேரமல் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிக்னே அவரை வரச் சொல்லியிருந்தார். ரோல்தான் அவரை வரவைத்தது.

கேள்வி நேரம் வந்ததும் சிக்னே எழுந்தார். ஓடைக்கரையில் இருந்த குழியைப் பற்றிச் சொன்னார். ஒன்பது கோடாலி வெட்டு, முஷ்டி அளவு கட்டி, மெழுகு மண் இல்லை. அதில் பொறி வைத்திருந்தாலும் அது யாரையும் கடித்திருக்க முடியாது, லைலின் கையை யாரோ பொறியில் மாட்டியிருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொன்னார். மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஷெரிஃப் மெல்லுவதை நிறுத்தினார்.

மெரிட் அசரவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது.

"இந்தா பாருங்கம்மா," என்றார். "நீங்க சொல்ற அந்தக் குழியை நீங்களே பாத்திருக்கீங்க. அது பொறிக்காரன் தோண்டின குழியா? மூணு தடவை பரிசு வாங்கினவன் நான். நான் ஒருத்தனைக் கொன்னு அங்க போடணும்னா, இப்படியா கேவலமா ஒரு குழி தோண்டுவேன்? எதிரிக்குக்கூட நான் நல்ல குழியாத்தான் தோண்டுவேன்."

மண்டபம் சிரித்தது. எவனோ வெளியூர்க்காரன், வேலை தெரியாதவன் செய்தது என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். ஷெரிஃப் எழுந்து வந்து, அது நியாயம்தானே சிக்னே, அவர் செய்திருந்தால் இப்படிச் செய்திருப்பாரா என்றார். கொலை என்றே வைத்துக்கொண்டாலும் அவர் இல்லை என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்கும் பட்டது. வந்த வழியெல்லாம் அடைபட்டுப் போனது போல இருந்தது. கிளம்புவதற்காக நான் என் தொப்பியைக்கூட எடுத்துவிட்டேன்.

சிக்னே மட்டும் உட்காரவில்லை.

"நியாயம்தான்," என்றார். "அப்ப இவங்களுக்கு ஒரு நல்ல குழியைத் தோண்டிக் காட்டுங்க. நாப்பது பேர் வந்திருக்காங்க. வெளிய வெயிலும் நல்லாத்தான் இருக்கு. உங்க பொருளெல்லாம் உங்க வண்டியிலயே இருக்கும்."

வகுப்பு முழுக்க எழுந்து கோட்டை மாட்ட ஆரம்பித்துவிட்டது. சாம்பியன் பொறி வைப்பதை நேரில் பார்க்கலாம் என்று அவர்களுக்குச் சந்தோஷம். மெரிட் நேரமாகிவிட்டது என்றார். கை வலி என்றார். அடுத்த வகுப்பில் என்றார். ஒரு பெண் தன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நாங்கள் மூணு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறோம் என்றாள். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் மீசை இருந்து என்ன பிரயோஜனம்.

மண்டபத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் நாற்பது பேரும் வட்டமாக நின்றார்கள். மெரிட் வண்டியின் பின்கதவைத் திறந்து வெகுநேரம் துழாவினார். உள்ளே மூடி போட்ட வாளி ஒன்று இருந்ததை நான் பார்த்தேன். மெழுகு மண். லைல் செய்து வைத்தது. அது எதற்கு என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அதற்குப் பின்னால் இருந்த கைக்கோடாலியை எடுத்தார்.

தரையில் முட்டி போட்டுக் கொத்தினார். கோடாலி தெறித்தது. மறுபடி கொத்தினார். கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. வட்டத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் சிறு வயதிலிருந்து பொறி வைப்பவர்கள். அவர்கள் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு கூச்சம், பிறகு வேறு ஏதோ வந்தது. மெரிட் பொறியைப் பூட்டிக் குழிக்குள் வைத்தார்; அது ஒரு பக்கமாக ஆடியது. பெயர்ந்த கட்டிகளையே அதன் மேல் போட்டு மூடினார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். வியர்த்திருந்தார், அந்தக் குளிரில்.

சிக்னே நடந்து போய் அந்தப் பொறியின் மேலே தன் பூட்ஸை வைத்து நின்றார். முழு எடையோடு நின்றார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஷெரிஃப்," என்றார், "எத்தனை வெட்டுன்னு எண்ணுங்க. அப்புறம் உங்க ஆள் ஓடைக்கரையில எடுத்த படத்தைப் பாருங்க. அந்தக் குழியை நான் வியாழக்கிழமையே பாத்துட்டேன். இப்ப தோண்டின ஆளையும் பாத்துட்டேன்."

ஹெய்ட் தன் ஃபோனில் இருந்த படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் முதல் தடவையாக யோசித்தார். அது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மெரிட் யாராவது தன் பக்கம் பேசுவார்கள் என்று வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். முன்வரிசைக்காரர் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டு வைத்திருந்த பெண் தான் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து, மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அதுதான் அவரை உடைத்தது என்று நினைக்கிறேன். கொலைகாரன் என்று சொல்லியிருந்தால்கூட மறுத்திருப்பார். பொறி வைக்கத் தெரியாதவன் என்று நாற்பது பேர் பார்த்துவிட்டதை எப்படி மறுப்பது?

அவர் பேசியது பெரும்பாலும் பரிசுகளைப் பற்றித்தான். லைலுக்குத் தான் எவ்வளவு செய்தேன், உரிமம் இல்லாதவனை வைத்திருந்தேன், அவன் நன்றியில்லாமல் அடுத்த மாதத்திலிருந்து தன் பெயரில் வைக்கப்போவதாகத் திங்கள்கிழமை கொட்டகையில் சொன்னான் என்றார். வாய்ப்பேச்சு முற்றியது. தள்ளிவிட்டார். தோல் சுரண்டும் மரக்கட்டையில் தலை மோதி லைல் விழுந்தான், எழவில்லை.

"செத்துட்டான்னுதான் நினைச்சேன்," என்றார். "சத்தியமா. செத்தவனைத்தான் கொண்டுபோய் அங்க போட்டேன்."

சிக்னே அதுவரை அவரிடம் இகழ்ச்சியாகவே பேசிக்கொண்டிருந்தார். இப்போது குரலில் அதுவும் இல்லை.

"டாக்டர் குளிர்னு எழுதியிருக்கார்," என்றார். "செத்தவனுக்குக் குளிராது மெரிட்."

ஷெரிஃப் மெரிட்டின் கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப் போனார். நரித்தோல் தொப்பி கீழே விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் மூன்று பேரும் ஐவா வீட்டுக்குப் போனோம். அவள் பின்கட்டுக் கொட்டகையில் லைலின் கத்திகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஷெரிஃப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். சங்கத்தார் பரிசுப் பலகையில் மெரிட்டின் பெயரைச் சுரண்டிவிட்டு லைலின் பெயரைப் போட விரும்புவதாகவும் சொன்னார். ஐவா கேட்டுக்கொண்டே கடைசிக் கத்தியைத் துடைத்து வைத்தாள். பிறகு சிக்னேயிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். அவர் அங்கே எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார்?

பொய் சொல்லுங்கள் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். சிக்னே பொய் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் இருக்கலாம், நினைவு இருந்திருக்காது என்று டாக்டர் சொல்கிறார், எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றார். ஐந்து வருடத்துக்கு முன் தான் எழுதியது சட்டப்படி சரி, ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளாவது வந்து அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்திருக்க வேண்டும் என்றார். அவர் யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஐவா ஷெரிஃப் பக்கம் திரும்பினாள்.

"பலகை எனக்கு வேண்டாம்," என்றாள். "அவரைத் திருடன்னு எங்க சொன்னீங்க? காபிக் கடையிலதானே. திங்கக்கிழமை காலையில அங்கேயே நின்னு, இல்லைன்னு சொல்லுங்க. சிரிச்சவங்க எல்லாரும் இருக்கணும். நான் வந்து உக்காந்து கேப்பேன்."

திங்கள்கிழமை ஏழு மணிக்குக் கடையில் நிற்க இடமில்லை. ஐவா நடு மேஜையில் தனியாக உட்கார்ந்தாள். அவள் எதிரே வைத்த காபியைத் தொடவில்லை. நான் போய் அவள் முன்னால் நின்று, கைவரிசை என்று சொல்லிச் சிரிக்க வைத்தவன் நான்தான் என்றேன். தெரியும் என்றாள். அவ்வளவுதான். உட்காரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் சுவரோரம் போய் நின்றேன்.

ஷெரிஃப் ஹெய்ட் எழுந்து, ஒரு தாளைப் பிரித்து வாசித்தார். லைல் ஓஸ்பி எதையும் திருடவில்லை. அந்த ஓடைக்கரைப் பொறிகள் எல்லாம் அவன் கையால் வைத்தவை. மூன்று வருடமாக இந்த மாவட்டத்தின் சிறந்த பொறிக்காரன் அவன்தான். அவனைக் கொன்றார்கள், பிறகு நாம் எல்லோரும் சேர்ந்து அவனைத் திருடன் ஆக்கினோம், அதில் முதல் ஆள் நான். அவர் குரல் நடுவில் இரண்டு தரம் தேய்ந்து போனது. முடித்துவிட்டுத் தாளை மடித்தார்.

ஐவா நாற்காலியில் திரும்பி, கடைசி மேஜை வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை படிங்க," என்றாள். "பின்னாடி இருக்கிறவங்களுக்குச் சரியா கேக்கலை."

ஷெரிஃப் தாளை மறுபடி பிரித்தார்.